மனுசங்கடா: எழுதின கையும் பாடின தொண்டையும்

கர்நாடக சங்கீதத்துக்கு விமர்சனம் உண்டு. டிசம்பர் மாசம் பூராவும் சென்னைப் பத்திரிகைகளில் எந்த வித்வான் எந்த ராகத்தை எங்கே பிடித்தார், எங்கே விட்டார் என்று பக்கம் பக்கமாக வரும். சினிமாப் பாட்டுக்கும் விமர்சனம் உண்டு. அது டீக்கடையிலேயே நடக்கும். சேரியிலிருந்து வருகிற பாட்டுக்கு மட்டும் விமர்சனம் கிடையாது. அதுக்கு ‘ஆய்வு’தான். தாலாட்டு, நடவு, ஒப்பாரி என்று கூறு போட்டு, எண் கொடுத்து, பின்னிணைப்பில் ‘தகவலாளிகள்’ என்று ஒரு பட்டியல் சேர்த்து, முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாடின கிழவி தகவலாளி. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் அறிஞர்.

ஒரு பாட்டை விமர்சிப்பது என்றால் அதை ஒருத்தர் யோசித்துச் செய்திருக்கிறார், இந்தச் சொல்லை எடுத்து அந்தச் சொல்லை விட்டிருக்கிறார், சில இடத்தில் கோட்டையும் விட்டிருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது. நம்ம பாட்டுகளுக்கு அந்த மரியாதையை மத்தவர்களும் தரவில்லை, நாமும் தரவில்லை. மேடையில் பாடுகிறோம், கை தட்டுகிறோம், கண் கலங்குகிறோம், அடுத்த பேச்சாளரைக் கூப்பிடுகிறோம். மதுரை வட்டாரத்தில் தலித் கூட்டம் எதுவானாலும் பாடப்பட்டுவரும் ‘மனுசங்கடா’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதியவர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடியவர் கே.ஏ. குணசேகரன். இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரு வேலையாக அதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்குலாபின் இயற்பெயர் சாகுல் அமீது. 1944-இல் கீழக்கரையில் பிறந்தவர். மதுரையில் படிக்கும்போது 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கி, அப்புறம் திராவிட அரசியலிலிருந்து விலகி மார்க்சிய–லெனினிய இயக்கத்தின் பக்கம் போனவர். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். குணசேகரன் 1955-இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தையில் பிறந்தவர். பாடகர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், நாடகக்காரர். ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர். ‘பலி ஆடுகள்’ என்ற தலித் நாடகம் அவருடையது. 2005-இல் ‘வடு’ என்ற தன்வரலாறு எழுதினார். இரண்டு பேரும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். இரண்டு பேருமே 2016-இல் போய்ச் சேர்ந்தார்கள்; குணசேகரன் சனவரி 17, இன்குலாப் டிசம்பர் 1.

‘வடு’ படித்தவர்களுக்கு ஒரு விசயம் ஞாபகம் இருக்கும். இளையான்குடி முஸ்லிம் தெருக்களில் சிறுவன் குணசேகரனுக்குச் சாதி பெரிதாகத் தட்டுப்படாது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போனால்தான் அது பல்லைக் காட்டும். கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுதியதை, இளையான்குடி முஸ்லிம்கள் நடுவே கொஞ்சம் மூச்சு விட்டு வளர்ந்த ஒரு தலித் பாடியிருக்கிறார். இந்தச் சேர்க்கையை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. ‘இந்து’ சமூகத்துக்கு வெளியே ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தவர்களுக்குத்தான் உள்ளே நடப்பது முழுசாகத் தெரிகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘மனிதர்கள்’ என்று எழுதியிருந்தால் அது தீர்மானம். மாநாட்டு நோட்டீசில் அச்சடிக்கலாம். ‘மனுசங்க’ என்று எழுதினால் அது பேச்சு. ‘மனுசங்கடா’ என்று ‘டா’ சேர்ந்தவுடன் அது சண்டை. தமிழ் இலக்கணத்தில் இந்த ‘டா’வுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் அதுக்கு இருந்த பெயர் வேறே. ஆதிக்கச் சாதி வீட்டில் பால்குடி மறந்த பொடியன், எழுபது வயசுத் தாத்தாவை ‘டேய்’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சொல்லுங்க சாமி’ என்பார். ‘டா’ என்பது ஒரு பக்கமாகவே பாய்ந்த தண்ணீர். எந்தச் சட்டத்திலும் எழுதாமல், ஆனால் எந்தச் சட்டத்தை விடவும் கெட்டியாகக் காப்பாற்றப்பட்ட விதி அது. இன்குலாப் செய்தது அந்த மடையை எதிர்ப்பக்கம் திருப்பி விட்டது. பாட்டில் சொல்லப்படும் சேதி என்னமோ சாதாரணம்: நாங்களும் மனுசங்க. இதில் என்ன புரட்சி? ஐ.நா. சபை 1948-லேயே சொல்லிவிட்டது. அரசியல் சட்டம் 1950-லேயே சொல்லிவிட்டது. சேதியில் புரட்சி இல்லை; அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. ‘மனுசன்’ என்று சொல்கிற வாயே ‘டா’ என்றும் சொல்லிவிடுகிறது. சொல்லி முடித்த மாத்திரத்தில் சொன்னவன் மனுசனாகிவிட்டான். இனி எதிரே இருப்பவன் ஒத்துக்கொண்டால் என்ன, ஒத்துக்காட்டி என்ன?

ஒரு நடந்த கதை. பெயர் வேண்டாம், மதுரையில் ஒரு கல்லூரி. கலை நிகழ்ச்சியில் எங்கள் பையன்கள் இந்தப் பாட்டைப் பாட அனுமதி கேட்டார்கள். பொறுப்பாசிரியர் நல்லவர்தான், முற்போக்கு என்றும் பெயர். “பாட்டு பிரமாதம். ஆனா அந்த ‘டா’ மட்டும் வேண்டாம்ப்பா. விருந்தினர்ங்க உட்கார்ந்திருப்பாங்க. ‘மனுசங்கய்யா’ன்னு பாடுங்களேன், ராகம் இடிக்காது” என்றார். ராகம் இடிக்காதுதான். அசைக் கணக்கு கூடச் சரியாக வரும். முதல் வரிசையிலிருந்த பையன் அவரிடமே கேட்டான்: “அய்யான்னுதான் சார் எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கோம், அதுக்கு எதுக்கு சார் தனியா ஒரு பாட்டு?” பாட்டு நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை. ஆனால் இந்தப் பாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே உருப்படியானது அந்தப் பையனுடையது.

அடுத்தது ‘நாங்க’. தமிழில் இரண்டு பன்மை இருக்கிறது. ‘நாம’ என்றால் கேட்பவனும் உள்ளே. ‘நாங்க’ என்றால் கேட்பவன் வெளியே. இந்தப் பாட்டு ‘நாங்க’ போட்டுக் கோடு கிழிக்கிறது. இங்கேதான் 1990-களில் நம்ம பத்திரிகைகளில் அடித்துக்கொண்ட கேள்வி வருகிறது. தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுத முடியுமா? கீழக்கரை சாகுல் அமீது எந்தச் சேரியில் நின்றுகொண்டு ‘நாங்க’ என்கிறார்? முற்போக்கு எழுத்தாளர்கள் நூறு பேர் நமக்காக ‘நாங்க’ எழுதியிருக்கிறார்கள். முக்கால்வாசி அதில் பரிதாபம் வழியும். நம்ம ஆள் அழுதுகொண்டே இருப்பான், கடைசிப் பத்தியில் செங்கொடி வந்து கண்ணைத் துடைக்கும்.

ஏட்டில் படிக்கிறபோது ‘மனுசங்கடா’வும் அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது என்று நான் சொல்வேன். நல்ல கவிதை, உண்மையான கோபம். நெருப்பையும் கோர்ட்டையும் ஆண்டைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிற கோபம். கேட்கிறவர் மனசு தானாகவே கீழ்வெண்மணிக்குப் போகும். 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்ததும், 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்ததும் ஞாபகம் வரும். இருந்தாலும் அச்சில் அது தோழமைக் குரல்தான். பக்கத்தில் வந்து நிற்கிற குரல். குணசேகரன் வாயில் அது ஏறியவுடன் ‘நாங்க’ என்ற சொல்லுக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. சொந்த ஊர்ப் பெயரும், உடம்பில் வாங்கிய வடுவும் உள்ள ஆள். எழுதினவர் திறந்து வைத்த சொல்லுக்குள் பாடினவர் குடியேறினார். எழுத்து சாட்சியமானது அந்த இடத்தில்.

‘தலித் அல்லாதவர் எழுதலாமா’ என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பதில் பாட்டிலேயே இருந்திருக்கிறது. எழுதட்டும். ஆனால் எழுதினதைப் பாடுகிற வாய் யாருடையது, பாடும்போது அவன் எதை மாற்றுகிறான், அந்த மாற்றத்தை எழுதினவன் பொறுத்துக்கொள்கிறானா, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து நாட்டாமை பண்ணியதில்தான் விவாதம் முட்டுச்சந்துக்குப் போனது. இன்குலாப் பொறுத்துக்கொண்டார் என்பது மட்டுமில்லை, விட்டுக்கொடுத்தார். விருதுகளிலும் அவர் கை ஒட்டாத கைதான். கலைமாமணியை ஈழப் படுகொலைக்கு எதிராகத் திருப்பிக் கொடுத்தவர். அவர் இறந்த பிறகு ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்கு 2017-இல் அறிவித்த சாகித்திய அகாதமி விருதைக் குடும்பத்தார் வாங்க மறுத்தார்கள். உடம்பையே மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த மனுசன் ஒரு பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பாரா?

குணசேகரன் தொண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெருகு போட்ட குரல் இல்லை அது. சபாவில் உட்கார வைத்தால் நாலாவது நிமிசம் எழுந்து நின்றுவிடும். வயலில் நின்று அடுத்த வயலுக்குக் கூப்பிடுகிற உயரத்தில் எடுப்பார். மேலே எடுத்ததை இறக்கி வைக்காமல் அப்படியே நிறுத்தி, குழு திருப்பிச் சொல்ல இடம் விடுவார். அந்த இடைவெளிதான் பாட்டின் உயிர். தனியாகப் பாடினால் ‘நாங்க’ என்ற சொல் பொய்யாகிவிடும். குழு வாங்கிப் பாடும்போதுதான் பன்மை நிஜமாகிறது. நடவிலும் குலவையிலும் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மத்தவர்கள் வாங்குகிற முறைதான் இது. அவர் அதைப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக் கொடுத்து, சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். தகவலாளியும் அறிஞரும் ஒரே ஆளாக இருந்தால் இந்தத் துறைக்குச் சங்கடம்தான்.

பாட்டு மேடை மாறின கதையும் இருக்கிறது. முதலில் அது இடதுசாரி மேடைகளில்தான் புழங்கியது. மதுரை அதுக்கெல்லாம் நல்ல ஊர். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமே 1975-இல் இங்கேதான் பிறந்தது. அந்த மேடைகளில் ‘நாங்க’ என்றால் உழைக்கும் மக்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் ‘நாங்க’வுக்குள் ஏறிக்கொள்ளலாம், ஊர்த்தெருக்காரரும் சேர்த்து. கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. அவர் வீட்டுக்குப் போய் நம்ம ஆளுக்கு எந்தக் கிளாசில் காப்பி கொடுப்பார் என்று பாட்டு கேட்காது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி தலித் இயக்கங்கள் தனியாக எழுந்தபோது பாட்டும் இடம் பெயர்ந்தது. அதே வரி, அதே மெட்டு. ஆனால் ‘நாங்க’ சுருங்கிக் கூர்மையானது. 1997 சூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்ற பிறகு, மேலூர் வட்டாரத்தில் அந்தப் பாட்டை உழைப்பாளர் பாட்டாகக் கேட்க யாருக்கும் காது இல்லை. தேர்தலில் ஜெயித்த ஒரு தலித் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக நடந்த கொலை அது. அந்த மண்ணில் ‘மனுசங்கடா’ என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

கோளாறு இல்லாத பாட்டா? இருக்கிறது. அந்த ‘டா’ ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் நடக்கிற சண்டை. சேரிப் பெண்ணைக் கூப்பிடுகிற ‘டி’க்குப் பதில் சொல்லும் பாட்டு இது கிடையாது. களத்துமேட்டில் அவளுக்கு நடந்தது ‘எங்களுக்கு’ நடந்ததாகப் பாட்டுக்குள் வரும். அவளே எடுத்துப் பாடுகிற மாதிரி வராது. மேடையிலும் அப்படித்தான். நடுவில் ஆம்பளை, பின்பாட்டுக்குப் பெண்கள். மெட்டோ அவளுடைய நடவிலிருந்து வந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் 1990-களில் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியபோது பலருக்குப் பொறுக்கவில்லை. “பொம்பள பறையடிக்கிறதா” என்று கேட்டவர்களில் நம்ம சேரி ஆம்பளைகளும் உண்டு. ‘மனுசங்கடா’ பாடிய வாய்தான்.

இன்னொரு கோளாறு பாட்டைச் சுற்றி நடப்பது. பாட்டு ஊரெல்லாம் பரவினபோது பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சிலருக்கு அது ‘கே.ஏ.ஜி. பாட்டு’. சிலருக்கு ‘இன்குலாப் பாட்டு’. பலருக்கு வெறும் ‘நாட்டுப்புறப் பாட்டு’. கடைசிதான் ஆபத்து. நாட்டுப்புறம் என்று சொல்லிவிட்டால் யாரும் செய்யவில்லை, மண்ணில் முளைத்தது என்று ஆகிவிடும். மண்ணில் முளைத்ததை யார் வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளலாம். சினிமாவில் நம்ம கிழவிகள் மெட்டுக்கு இப்படித்தான் வேறு ஆள்கள் பட்டா வாங்கினார்கள்.

இதுக்கு நேர் எதிரான ஒரு வழியையும் மதுரையில்தான் பார்த்தோம். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும், தாமே எழுதி, தாமே மெட்டுக் கட்டி, மாணவர்களோடு பாடியவர். கோயிலுக்குள் கீர்த்தனை பாடினால் பக்தி, பறை அடித்தால் தீட்டு என்று இருந்த சபைக்குள் கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டைக் கொண்டுவந்தார். ‘ஒரு உலை’ என்பது அவருக்குப் பிடித்த பேச்சு: எல்லாரும் ஒரே பானையில் பொங்கித் தின்னாமல் சாதி ஒழியாது. பாட்டு விசயத்திலும் அதே கொள்கைதான். கிராமத்து ஜனங்கள் தன் பாட்டை மாற்றிப் பாடினால் அவருக்குச் சந்தோசம். மாறாத பாட்டு செத்த பாட்டு என்ற பிடிவாதம். 2005-இல் அவர் இறந்தார். ஒலிநாடா, கம்பெனி, உரிமை என்று எதுவும் குறுக்கே வராத இடத்தில் அந்தக் கொள்கை அழகாக நடக்கும். சந்தைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

நாம் பார்த்தோம். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அரக்கோணத்து அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் எடுத்து எழுதி, ‘தீ’யோடு சேர்ந்து பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். உலகமே ஆடியது. அதே வருசம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் ‘தீ’யின் படம் இருந்தது, அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். 2022 சூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அப்போதும் மேடையில் அறிவு இல்லை. யார் எழுதினது, யார் மெட்டுக் கட்டினது என்று இரு தரப்பும் அறிக்கை விட்டார்கள். 2024-இல் சந்தோஷ் நாராயணனே, கம்பெனியிடமிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை என்று சொன்னார். தனி ஆட்களின் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஒப்பாரி வைத்த கிழவி, எழுதின பேரன், பாடின பெண், இசை சேர்த்தவர், விற்ற கம்பெனி என்று ஐந்து கை பட்ட பாட்டில், அட்டை போடும்போது எந்தக் கை முதலில் வெட்டுப்படுகிறது என்பதுதான் என் பேச்சு.

இன்குலாபுக்கும் குணசேகரனுக்கும் நடுவில் இந்தச் சண்டை வரவில்லை. காரணம் அவர்கள் மகாத்மாக்கள் என்பதில்லை. நடுவில் பணம் இல்லை. கேசட்டை மாநாட்டுப் பந்தல் வாசலில் புத்தகத்தோடு சேர்த்துப் பரப்பி விற்ற காலம். வாங்கினவன் வீட்டில் இன்னும் நாலு பேர் பதிவு செய்துகொண்டார்கள். அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, பிரச்சாரம் என்றார்கள்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேசவும் நான் தயாரில்லை. அன்றைக்கு மேடையில் எழுதினவர் பெயர் சொன்னார்கள், பாடினவர் பெயர் சொன்னார்கள். பறை அடித்தவர் பெயரை எந்த மேடையில் சொன்னார்கள்? நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, சுருதி இறங்க இறங்கத் திரும்பக் காய்ச்சி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடித்துவிட்டு, காலையில் ஏதாவது ஊரில் சாவுக்கு அடிக்கப் போன ஆட்கள். அவர்கள் அடியில்தான் அந்த ‘டா’ விழுந்தது. அறிவிப்பில் அவர்கள் ‘குழுவினர்’. பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து மறுபடியும் வெளியிடப்போகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாரந்தைக்கும் இளையான்குடிக்கும் மதுரைக்கும் ஒரு நடை போய், தெரிந்த பெரியவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டி, இது யார் அடி என்று கேட்டு எழுதிவிட்டு வரட்டும். அடியைக் கேட்டே ஆளைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் உயிரோடு இருக்கிறார்கள்.